அடுப்புக்கு ஒரு தடைக்காலம்

வயதானவர்களைப் பார்த்து ‘நிதானமாக இருங்கள்’ என்று சொல்லாதவர் இந்த ஊரில் யாரும் இல்லை. டாக்டர் சொல்கிறார். பேங்கில் டோக்கன் கொடுக்கும் பையன் சொல்கிறான். பெங்களூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிற பிள்ளைகள், போகும்போது பைக்குள் பொடி டப்பாவைத் திணித்துக்கொண்டே சொல்கிறார்கள். இப்போது டூர் கம்பெனிக்காரர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காலைப் பேப்பருக்குள் நோட்டீஸ் வருகிறது. தீவு, தென்னை மரம், வெள்ளை நாற்காலி, அதில் நரைத்த தலையோடு ஒரு ஜோடி. ‘மூத்தோருக்கான அமைதிப் பயணம்.’ கீழே பொடி எழுத்தில் பார்த்தால் ஐந்து நாளில் பதினேழு இடம்.

இதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ரிடையர் ஆனால் நிதானம் தானாக வந்துவிடும் என்பது கம்பெனி வழியனுப்பு விழாவில் சொல்கிற பேச்சு. கடலோரம் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் வராது. வேகத்தை நமக்கு ஆள் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நிதானத்தையும் ஆள் வைத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு இதற்கு மேலும் ஒன்று வேண்டும்: கையிலிருக்கும் கரண்டியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். அது நடக்காமல் போகிற பயணத்துக்குப் பெயர் இடமாற்றம்.

ஜூஜுவாடிக்காரர்களுக்கு வேகம் என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் மாநிலம் முடிகிற இடம் நம்முடையது. இந்தப் பக்கம் செக்போஸ்ட், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. லாரிகள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. எழுபதுகளில் சிப்காட் வந்தது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த பூமியில் ஷெட் எழும்பியது. லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று நேரத்தோடும் வேகத்தோடும் சம்பந்தப்பட்ட சாமான்களாகவே பார்த்துச் செய்கிற ஊர் இது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார்.

நான் 1988-ல் வேலைக்குச் சேர்ந்தேன். ட்வீசரால் சின்னச் சின்னப் பாகங்களை எடுத்துப் பொருத்துகிற வேலை. முதல் மூன்று மாதம் டிரெயினிங். அந்த மூன்று மாதமும் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கை எங்கே நிற்கக்கூடாது என்பது. பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்து நிற்பார். பாகத்தை எடுக்க இத்தனை வினாடி, வைக்க இத்தனை வினாடி. கண் ஒரு வேலையைப் பார்க்கும்போது இடது கை அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினோம், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். ஆனால் முப்பத்து நாலு வருஷம் அப்படிப் பழகிய கை, 2022-ல் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பியவுடன் மறந்துவிடுமா? இன்றைக்கும் துணி மடிக்கும்போது எண்ணிக்கொண்டுதான் மடிக்கிறது. (ரிடையராகிறவர்களுக்குக் கடிகாரம் பரிசு கொடுக்கலாம் என்று முதலில் யோசித்தவரை நான் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும்.)

வீட்டிலும் அதே லைன்தான். காலை ஷிப்டு ஆறு மணிக்கு என்றால் நாலு மணிக்கு அடுப்பு எரியும். இட்லி, ஒரு குழம்பு, மூன்று டிபன் பாக்ஸ். கம்பெனி பஸ் ஒரு நிமிஷம்தான் நிற்கும். கம்பெனியிலிருந்து ரிடையர் ஆனதும் பி.எஃப். வந்தது, கிராஜுவிட்டி வந்தது. நாலு மணி மட்டும் போகவில்லை. இப்போது மகன், மருமகள் இருவரும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறார்கள். ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்ட முடியும். பேரனுக்கு எட்டே காலுக்கு ஸ்கூல் வேன். என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டு வருஷம் முன்னால் ரிடையர் ஆனவர். அவர் ரிடையரான அன்றே ரிடையராகிவிட்டார். நம் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான் என்பதால் இதைச் சொந்தப் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை.

நிற்க. ராமேஸ்வரம் விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஆவணியில் எங்கள் வாக்கிங் கோஷ்டியில் பன்னிரண்டு பேர் போனோம். ஆறு பெண்கள், ஆறு ஆண்கள். இதற்கு முன் எல்லோருமே ராமேஸ்வரம் பார்த்தவர்கள்தான். பார்த்தவர்கள் என்றால், ராத்திரி வேனில் ஏறி, காலையில் கடலில் முங்கி, இருபத்திரண்டு கிணற்றையும் ஓடி முடித்து, மதியம் தனுஷ்கோடியில் போட்டோ எடுத்து, சாயங்காலம் வேறு ஊர் கோயில் வாசலில் இறங்கியவர்கள். இந்த முறை மூன்று ராத்திரி, நாலு நாள், ஒரே ஊர். தீவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ரிடையர்ட் வாத்தியார் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டார். அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: “தீவுக்குள்ள வேன் கிடையாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுக்கு மேல காட்ட மாட்டேன். வாட்ச் கட்டிட்டு வராதீங்க.”

மதுரையிலிருந்து காலை பாசஞ்சரில் போனோம். மண்டபம் தாண்டினால் கடல். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் எப்படி ஊர்ந்து போகும் என்பது அதில் போனவர்களுக்கு நினைவிருக்கும். நடந்து வருகிறவர் பிடித்துவிடலாம். ஜன்னல் கம்பிக்குக் கீழே பார்த்தால் கட்டை கிடையாது, கைப்பிடி கிடையாது, நேராகத் தண்ணீர். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு கப்பலுக்கு வழிவிட அப்படியே செங்குத்தாக மேலே ஏறுமாம். பழையது கதவு திறப்பதுபோல் இரண்டு பக்கமும் விரியும். புதிதில் ரயில் வேகமாகப் போகிறது, சந்தோஷம்தான். ஆனாலும் காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் அங்கே ரயில் போகாது. பழைய பாலத்திலேயே காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்து, அளவு தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும்படி செய்திருந்தார்கள். வாத்தியார் இதை விளக்கியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி, “நம்ம வீட்டுல இது மாதிரி ஒண்ணு மாட்டினா தேவலை” என்றார்.

மோட்டார் போகிற பாலம் 1988 அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் தீவுக்குள் போக ரயில் அல்லது படகு. நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம். அதற்கு முன்னால் நம் பாட்டி, தாத்தா காலத்தில் சேது யாத்திரை போனவர்கள் மாதக்கணக்கில் போனார்கள். சத்திரம் சத்திரமாகத் தங்கினார்கள். அவர்களை யாரும் ‘நிதானமாகப் போங்கள்’ என்று சொல்லவில்லை. வழியே அப்படி இருந்தது. இன்றைக்கு வழி வேகமாகிவிட்டதால், நிதானத்தைத் தனியாகச் சட்டம் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. வாத்தியார் செய்தது அதைத்தான்.

மறுநாள் விடியற்காலை அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனோம். இருபத்திரண்டு தீர்த்தத்தையும் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கிணற்று விளிம்பில் ஒருவர் ஏறி நின்று வாளியில் கயிறு கட்டி இறைத்துத் தலையில் ஊற்றுவார். வழக்கமாக என்ன நடக்கும்? வாளிக்காரர் முன்னால் ஓடுவார், ஈரத் துணியோடு கூட்டம் பின்னால் ஓடும். பாதி பேருக்குத் தலையில் விழும், பாதி பேருக்கு முதுகில். “அடுத்தது, அடுத்தது” என்று ஒரு சத்தம். வழுக்கி விழுந்தவர்கள் எத்தனையோ. நான் அதைப் பார்த்தபோதெல்லாம் எங்கள் லைன் ஞாபகம்தான் வரும். பாகம் நாங்கள், பொருத்துகிறவர் வாளிக்காரர்.

வாத்தியார் வாளிக்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தார். ஒரு கிணறு முடிந்தால், முன்னால் போகும் கூட்டம் நகரும்வரை ஓரமாக நிற்பது. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் உள்ளங்கையில் வாங்கி ஒரு வாய் வைத்துப் பார்ப்பது. கடல் கல்லெறி தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு கிணறு இனிக்கிறது, ஒன்று லேசாக உப்புக் கரிக்கிறது, ஒன்றில் இரும்பு வாடை. நான் முன்பு இரண்டு முறை இதே தண்ணீரில் குளித்திருக்கிறேன். ருசி தெரியும் நேரம் அப்போது கொடுக்கப்படவில்லை.

ஏழாவது கிணற்றில் நான் வாய்க்குள் “இன்னும் பதினஞ்சு” என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது போல. “எண்ணாதீங்கம்மா. எண்ணுறது வாளிக்காரர் வேலை. அவர் கோடி தீர்த்தம் வந்ததும் சொல்லுவார்” என்றார். அவ்வளவுதான். உபதேசமோ மூச்சுப் பயிற்சியோ கிடையாது. ஆனால் ஒருவர் நம்மிடமிருந்து எண்ணிக்கையை வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது, முப்பத்து நாலு வருஷம் எண்ணியவளுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையாவது கிணறு என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. முடிந்தபோது வெயில் மூன்றாம் பிராகாரத்துக்குள் சாய்வாக விழுந்திருந்தது. சேதுபதிகள் கட்டிய பிராகாரம். ஆயிரத்துக்கும் மேல் தூண்கள் என்கிறார்கள். நான் எண்ணவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த நிதானம் வாத்தியாரால் மட்டும் வந்ததல்ல. தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் அங்கேதான். இலையைப் போட்டார்கள், சாப்பிட்டோம், எழுந்தோம். முதல் நாள் ராத்திரி பெண்கள் ஆறு பேரும் பழக்கதோஷத்தில் இலையை எடுக்கக் குனிந்தோம். மெஸ்கார அம்மா, “நீங்க போங்க” என்று விரட்டினார். ராத்திரி எட்டரை மணிக்கு நாளைக்குப் பருப்பு ஊற வைக்கவேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆண்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. எங்களில் ஒருவர், எழுபது வயது, கல்யாணமான நாளிலிருந்து தொடர்ந்து நாலு நாள் சமைக்காமல் இருந்தது பிரசவத்துக்குப் பிறகு இதுதான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த பேச்சு வர நேரமாயிற்று.

மறுநாள் தனுஷ்கோடி. டவுன் பஸ்ஸில் போனோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் ஊரையே தின்றது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. நான் பிறந்த வருஷம் அது. இப்போது மிச்சம் இருப்பது சர்ச் சுவர், ஸ்டேஷன் சுவர், மணல். எதிரே தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள். ஒரு காலத்தில் மெட்ராசில் டிக்கெட் வாங்கினால் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. கலாம் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறாரே, யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக ஆரம்பித்ததால் பேப்பர் கட்டை ஓடும் ரயிலிலிருந்து போடுவார்கள், சிறுவனான அவர்தான் பொறுக்கிக் கொடுப்பார் என்று. அது இந்தத் தடத்தில்தான். நிற்காத ரயிலால் அவருக்கு முதல் சம்பளம் கிடைத்தது என்று வாத்தியார் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. வேகத்தால் பிழைத்தவள்தானே நானும்.

அந்தக் கரையில் உட்கார்ந்துதான் எதிர்க்கரையில் இருக்கும் இன்னொரு தீவைப் பற்றி வாத்தியார் சொன்னார். இலங்கையின் தென்மேற்கே, காலிக்கு வடக்கில், தொடந்துவை என்ற ஊருக்குப் பக்கத்தில் ரத்கம களப்பு. அதற்குள் போல்கஸ்துவ என்று ஒரு குட்டித் தீவு. 1911-ல் ஞானதிலோகர் என்ற ஜெர்மன்காரர், பௌத்த பிக்குவாகி, அங்கே ஓர் ஆசிரமம் அமைத்தார். துறவுக்கு முன்னால் சங்கீதம் படித்தவர், வயலின் வாசித்தவர். ஐரோப்பாவிலிருந்து எத்தனையோ பேர் அவரைத் தேடி வந்து, அந்தத் தீவில் உட்கார்ந்து மனசை அடக்கக் கற்றார்கள். இரண்டு உலக யுத்தத்திலும் ஜெர்மானியர் என்ற காரணத்துக்காக பிரிட்டிஷார் அவரைப் பிடித்து அடைத்தார்கள். இரண்டாவது தடவை நம் டேராடூன் முகாமில். விடுதலையானதும் திரும்பவும் அந்த நாட்டுக்கே போனார். 1957-ல் கொழும்பில் காலமானார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உடனே தோன்றியது வேறு. பௌத்த பிக்குகள் சமைத்துக்கொள்வதில்லை, கொடுத்ததைத்தான் சாப்பிடுவார்கள். அப்படியானால் அந்தத் தீவு அமைதியாக இருந்த ஒவ்வொரு நாளும், களப்பின் கரையில் ஏதோ ஒரு வீட்டில் விடியுமுன் ஓர் அடுப்பு எரிந்திருக்கிறது. எரிய வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. நான் கேலிக்குச் சொல்லவில்லை. சோறு போட்டவர்களுக்கு அதில் புண்ணியமும் சந்தோஷமும் இருந்திருக்கும். பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய்வந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அங்கேயும் சமைப்பது சேவைக்கு வந்தவர்கள். ஒருவர் அசையாமல் உட்கார இன்னொருவர் அசைய வேண்டியிருக்கிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல் நிதானத்தைப் பற்றிப் பேசுகிற எந்தப் பெரியவர் பேச்சும் எனக்குப் பாதிப் பேச்சாகத்தான் படுகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போனோம். என்னைக் கேட்டால் நாலு நாளில் பார்த்ததில் இதுதான் பெரிது. அங்கே பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் குட்டித் தீவுகளை ஒட்டி இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில், பாறையில் வளரும் பாசி. விரலைக் கல் கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்கிறார்கள். இந்தப் பாசியிலிருந்து எடுக்கிற பொருள்தான் ஜெல்லி மாதிரியான தின்பண்டங்களில் சேருகிறது. 1986-ல் அந்த இருபத்தோரு தீவையும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, வனத்துறைக்கும் இவர்களுக்கும் தீராத இழுபறி.

இந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மீதி நாளில் பாசி வளரட்டும். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்பவர் இந்தப் பெண்களைத் திரட்டி நின்றதற்காக 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசைப் பெற்றார். இதுபோக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் நம் கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருக வேண்டும் என்று அரசாங்கமே படகைக் கரையில் கட்டச் சொல்கிறது. ஆக, கடலுக்கு ஓய்வு உண்டு, மீனுக்கு உண்டு, பாசிக்கு உண்டு.

நாங்கள் போனது வளர்பிறை ஏழாம் நாளோ எட்டாம் நாளோ. கடலுக்குப் போகாத நாள். ஒரு வீட்டு வாசலில் நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். “இன்னைக்கு லீவா?” என்று கேட்டேன்.

“கடலுக்கு லீவு அக்கா.”

“அப்ப உங்களுக்கு?”

கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: “வீட்டு வேலைக்கு ஏது அக்கா அமாவாசை, பௌர்ணமி?”

வெறும் கையோடு கடலுக்குள் போய், வயிற்றுப் பிழைப்பிலேயே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளத் தெரிந்த பெண்கள். பாசி பறிப்பதற்கு நாள் குறித்தவர்களுக்கு அடுப்புக்கு நாள் குறிக்கத் தோன்றவில்லை என்றால், தோன்றாததற்குக் காரணம் அவர்களுடைய சாமர்த்தியக் குறைவு இல்லை. கடல் வறண்டால் ஊருக்கே நஷ்டம், அதனால் ஊர் கூடிப் பேசுகிறது. ஒரு பெண் வறண்டால் அவள் வீட்டுக்குள்ளேயே அது முடிந்துபோகிறது. ‘அம்மாவுக்கு இப்பல்லாம் கொஞ்சம் கோபம் வருது’ என்று பேர் வைத்துவிடுகிறோம்.

ஊருக்கு வந்தபிறகு இதை வாக்கிங்கில் பேசினோம். பிள்ளைகள் அம்மா அப்பாவை டூர் அனுப்புவது நல்ல காரியம். ஆனால் நாலு நாள் அனுப்பிவிட்டு ஐந்தாம் நாள் நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும் என்றால், அது மிஷினை சர்வீசுக்கு விடுகிற கணக்கு. டூர் கம்பெனிக்காரர்களிடம் ‘எத்தனை இடம் காட்டுவீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எத்தனை இடத்தைக் காட்டாமல் விடுவீர்கள்’ என்று கேட்க வேண்டும். ‘சமையலுக்கு ஆள் கூட வருவார், பெண்கள் கொஞ்சம் கூடமாட உதவினால் போதும்’ என்று சொல்கிறவர்களை அந்த இடத்திலேயே கழித்துவிட வேண்டும். இது என் தீர்மானமான கருத்து.

ஆட்சேபணைகளும் வந்தன. “சமைப்பது எனக்குப் பாரமே இல்லை, அதுதான் என் சந்தோஷம்” என்றார் ஒரு சிநேகிதி. நம்புகிறேன். அவர் வைக்கும் சாமைப் பொங்கலைச் சாப்பிட்டவர்கள் எல்லோருமே நம்புவார்கள். சந்தோஷத்துக்கும் வாரம் ஒரு நாள் லீவு கொடுத்தால் அது குறைந்துவிடாது. இன்னொருவர், “ஆம்பளைங்க சமையல்கட்டுக்குள்ள வந்தா அப்புறம் துடைக்கிற வேலை டபுள்” என்றார். இது உண்மையான பிரச்சினை. ஆனால் ட்வீசர் பிடிக்க எனக்கு மூன்று மாதம் டிரெயினிங் கொடுத்தார்களே; முதல் வாரத்தில் நான் தவறவிட்ட பாகங்களைப் பொறுக்க ஒரு ஆளே வேண்டியிருந்தது. யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. தனியாக இருக்கும் பெண்களுக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டார். தனக்காக மட்டும் சமைக்கிறவர்கள் பாதி நாள் சமைப்பதே இல்லை, ரசம் சாதத்தோடு படுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அடுப்பு விடுமுறை அல்ல, கூப்பிட்டு இலை போடுகிற வீடு. இதைத் தனியாக எழுத வேண்டும்.

தீவு இல்லாதவர்கள் என்ன செய்வது? ராமேஸ்வரத்துக்கு மாதாமாதம் போக யாரிடம் காசு இருக்கிறது? எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். வந்த முதல் ஞாயிறு மகன், மருமகள், வீட்டுக்காரர் மூவரையும் உட்காரவைத்து, காலண்டரில் மாதம் நாலு நாள் வட்டம் போட்டேன். அமாவாசைக்கு இரண்டு, பௌர்ணமிக்கு இரண்டு. சின்னப்பாலத்துப் பெண்கள் கடலுக்குப் போகிற நாளில் இங்கே நான் கரையில். அந்த நாளில் அடுப்பு என் பொறுப்பு இல்லை. மற்றவர்கள் சமைக்கலாம், மெஸ்ஸில் வாங்கலாம், பழம் தின்னலாம். என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்க மாட்டேன். எண்ணுகிற வேலையையும் கொடுத்துவிட்டேன் என்பதுதான் இதில் முக்கியம். பால் எத்தனை பாக்கெட், சிலிண்டர் எப்போது தீரும், பேரன் டிபனில் என்ன என்று மனசுக்குள் ஓடுகிற கணக்கும் அந்த நாலு நாள் மருமகளிடம் போய்விடாமல் பார்த்துக்கொண்டேன். அது மகனிடம் போயிருக்கிறது. முதல் மாதம் பேரன் இரண்டு நாள் பன்னும் ஜாமும் கொண்டுபோனான். அவனுக்குப் பரம திருப்தி.

நாலு மணிக்கு விழிப்பு வருவது நிற்கவில்லை. வட்டம் போட்ட நாளில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். செக்போஸ்ட் பக்கம் லாரிகள் நிற்பதும் நகர்வதும் கேட்கும். கீழே பாத்திரம் உருளும் சத்தமும் கேட்கும். இறங்கிப் போக வேண்டும் என்று கால் துறுதுறுக்கும். உட்கார்ந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் இப்போது ராகிக் களி கிண்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்துக் களி சாதாரண விஷயமா? தண்ணீர் கொதிக்கும் பதம் பார்த்து மாவைப் போட வேண்டும், அவசரப்பட்டால் கட்டி தட்டும், விட்டால் அடிப்பிடிக்கும். மூன்று மாதமாகக் கட்டி தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கீரை மசியல் மட்டும் நன்றாக வருகிறது. இந்தப் பௌர்ணமிக்கு நம் வீட்டுப் பக்கம் வருகிறவர்கள் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வரும்போது ஊறுகாய் மட்டும் கொண்டுவாருங்கள்.